எர்ன்ஸ்ட் அபே

தொலைநோக்கி என்றவுடன் கலிலேயோவின் பெயர் நம் நாவில் வந்து நிற்கின்றது. வானத்துக் கோள்களை மனிதன் கண்முன் கொணர்ந்து நிறுத்திய அப்பெரியாரின் புகழுக்கு யாதொரு குறையும் இல்லை. ஆயினும், தொலைவில் உள்ளதைக் காட்டுதல் ஒன்று. காண்பவன் கண் நோகாமற் காட்டுதல் மற்றொன்று. கலிலேயோவுக்குப் பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக அறிஞர் கருத்துப் பெரும்பாலும் முன்னதிலேயே சென்றது. பைனாகுலர் என்று இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்துள்ள இரட்டைத் தொலைநோக்கியை ஒருவர் அரைமணி நேரம் கண்ணில் வைத்து, ஏரியில் இறங்கும் நாரைக் கூட்டத்தையோ கடலில் தோன்றும் கப்பலையோ பார்த்துவிட்டுத் தலைநோவின்றி வீடு திரும்புகின்றார். அவர் தம்மை அறியாமலே கடன்பட்டிருப்பது ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகனுக்காகும். அவரே எர்ன்ஸ்ட் அபே. மைக்ராஸ்கோப் என்னும் நுண்பெருக்கியைக் கையாளும் விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் அவர் பெயரை அறிந்திருப்பர். தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் என்போலியர்க்கு அவர் வரலாறு புதிது. ஆதலின் அதனை ஈண்டு ஒருவாறு எழுதத் துணிந்தேன்.

அபே 1840-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23-ஆம் நாள் ஜெர்மனியில் ஐசனாக் என்னும் ஊரிற் பிறந்தார். நம் கல்லூரியினர்க்கு அவ்வூர் முற்றும் புதியதன்று. மார்ட்டின் லூத்தர் இளமையிற் பள்ளிக்குச் சென்றதும், பிற்காலத்தில் மலைமேலுள்ள கோட்டையில் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிற் பெயர்த்ததும் அவ்வூரிலேயே. இசைப்பேரறிஞர் பாக் பிறந்ததும் அங்கேதான். ஆனால் அபேயின் வீட்டில் இச்சிறப்புகளை எண்ணி மகிழ ஒருவர்க்கும் பொழுது இருந்திராது. அவர் தந்தையார் ஒரு நூற்பாலையில் வேலை செய்பவர். தொழில் சாதாரணமாக நடக்குங்கால் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமும், வியாபாரம் மிகுந்த காலத்திற் பதினாறு மணி நேரமும் அவர் நின்றபடியே உழைத்தார். இடையில் உணவுக்கென்று ஓய்வு கிடையாது.

சிறுவர் அபேயும் அவர் தங்கையும் நாள்தோறும் மாறி மாறி நண்பகல் உணவைப் பாத்திரத்தில் ஏந்திச் செல்வர். தந்தையார் ஓர் இயந்திரத்தின் மீது சாய்ந்துகொண்டோ, ஒரு பெட்டியின்மேற் குந்திக்கொண்டோ, அவ்வுணவை அவசரம் அவசரமாக விழுங்கிவிட்டு, வெறும் பாத்திரத்தைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, அக்கணமே வேலைக்குத் திரும்புவார். அவர் நெடிய உடலும் பெருவலியும் வாய்ந்தவர். ஆயினும் நாற்பத்தெட்டு வயதிலேயே தோற்றத்திலும் நடையிலும் கிழவராகிவிட்டார். அத்துணை உடலுரம் இல்லாத அவர்தம் தோழர்களோ முப்பத்தெட்டிலேயே முதுமையெய்தினர். இக்காட்சியை அபே அறுபது வயதிலும் மறந்தாரல்லர். தாம் பெருஞ்செல்வராகிப் பலர் முன்னிலையிற் சொற்பொழிவு ஆற்றியபோதும் இதனை எடுத்துரைத்தார் எனின், அஃது அவர் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதை நாம் உணரலாம்.

மகனுடைய கூர்மதியைக் கண்ட ஆலைமுதலாளி அவர் படிப்புக்கு உதவி புரிந்தார். தந்தையைக் கசக்கிப் பிழிந்த அதே கை மகனைத் தூக்கிவிட்டது. உலகியல் இவ்வாறு ஒரு நேர்க்கோட்டில் அடங்காது செல்வதை நாம் காண்கின்றோம். அபே யேனா நகரிலும் கோட்டிங்கன் நகரிலும் சர்வகலாசாலைக் கல்வி பெற்று, 1861-இல் டாக்டர் பட்டம் எய்தினார். 1863-இல் யேனாவிற்கே ஆசிரியராகத் திரும்பினார். மாணவர் அளித்த சிறு தொகையே ஊதியம். அதன்பின் அவர் யேனாவை விட்டு வாழ்வதற்கு எங்கும் செல்லவில்லை. பிற்காலத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர் அவரைப் பெர்லினுக்கு அழைத்தபோதும் மறுத்துவிட்டார். 1871-இல் தம் ஆசிரியர் ஸ்னெல் என்பாரின் மகளை மணந்தார்.

அக்காலத்தில் யேனாவில் கார்ல் ஸைஸ் என்னும் கைவினைஞர் ஒருவர் நுண்பெருக்கிகள் செய்து விற்று வந்தார். வில்லைகளைப் பல வகையாகத் தேய்த்து, மாற்றி மாற்றிப் பொருத்தி, எது நன்றாகக் காட்டுகின்றதோ அதனை வைத்துக்கொள்வதே அந்நாளைய முறை. இருட்டறையிற் சாவித்துவாரத்தைத் தேடுவது போன்ற இம்முறை ஸைஸுக்குப் பிடிக்கவில்லை. கணக்கினாலேயே ஒரு வில்லையை முன்கூட்டி வகுத்துவிட இயலாதா என்று அவர் ஏங்கினார். 1866-இல் அவ்வேலையை அபேயிடம் ஒப்படைத்தார். அபே கணக்கிட்டுச் செய்த முதல் வில்லைகள் தடவிக் கண்டுபிடித்த பழைய வில்லைகளிலும் தாழ்ந்தனவாக இருந்தன! வேறொருவராயின் கணக்கை மூட்டைகட்டி வைத்திருப்பர். அபேயோ, தோல்வி ஏன் நேர்ந்தது என்று துருவித் துருவி ஆராய்ந்து, ஒளி அலைகள் நுண்பொருளிற் பட்டு விரிந்து சிதறுதலே உருவத்தின் தெளிவுக்கு எல்லை வகுக்கின்றது என்னும் உண்மையைக் கண்டு, 1873-இல் வெளியிட்டார். காசநோய்க் கிருமியை 1882-இல் உலகிற்கு அறிவித்த ராபர்ட் காக் கையாண்டவை அபே வகுத்த கருவிகளே. இதன் பெருமையைப் பேசப் புகுந்தால் கட்டுரை முடியாது. விஞ்ஞான நண்பர் எவரேனும் அதனைத் தனியே எழுதுவாராக. நாம் இரட்டைத் தொலைநோக்கிக்கு வருவோம்.

இரு கண்ணாலும் தொலைவைக் காணவேண்டும் என்னும் ஆசை புதியதன்று. 1608-இல் ஹாலந்து தேசத்தில் லிப்பர்ஹே என்னும் கண்ணாடிக்காரர் தம் தொலைநோக்கியை அரசாங்கத்தாரிடம் காட்டியபோதே, இரு கண்ணுக்கும் ஏற்ற வகையில் அதனைச் செய்து தருமாறு அவர்கள் கேட்டனர். ஒரு கண்ணை இறுக மூடி மற்றொரு கண்ணாற் பார்ப்பது எவ்வளவு தொல்லை என்பதனை முதல் நாளிலேயே அவர்கள் உணர்ந்துவிட்டார்கள் போலும். ஆனால் அத்தொல்லை தீர முந்நூறு ஆண்டுகள் ஆயின. அதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

கலிலேயோவின் முறைப்படி அமைந்த தொலைநோக்கியில் பொருளின் பக்கம் குவிந்த வில்லையும், கண்ணின் பக்கம் குழிந்த வில்லையும் இருக்கும். உருவம் நேராகத் தெரியும், குழாயும் குட்டையானது. ஆகவே இரண்டு குழாய்களை இணைத்து நாடகக் கொட்டகைகளிற் பார்ப்பதற்கென்று கருவிகள் செய்தனர். ஆனால் அதனுள் நோக்குவது, கதவிலுள்ள சிறு துளை வழியே தெருவைப் பார்ப்பது போன்றது. மூன்று நான்கு மடங்குக்கு மேற் பெரிதாக்கினால் காட்சிப் பரப்புச் சுருங்கிவிடும். ஓரங்கள் மங்கித் தேயும். கண்ணைச் சிறிது அசைத்தாலும் காட்சி நழுவும். பார்ப்பவர் தம்மையறியாமலே கண்ணை அங்குமிங்கும் நகர்த்தித் தேடுவர்.

கெப்ளர் கூறிய முறைப்படி இருபுறமும் குவிந்த வில்லைகளை வைத்தால், காட்சி பரந்து, ஓரம் வரை ஒளியுடன் விளங்கும். கண்ணருகு வில்லைக்குப் பின்னே ஒளி முழுவதும் ஒரு சிறு வட்டமாக வந்து குவியும். அவ்வட்டத்திற் கண்ணின் பாவையை வைத்தால் கண் அசையாது அமர்ந்து முழுக்காட்சியையும் காணலாம். குற்றம் ஒன்றே: அனைத்தும் தலைகீழாகத் தெரியும். வான் மீனைத் தலைகீழாகப் பார்த்தால் நட்டம் இல்லை. வரும் மனிதரைத் தலைகீழாகப் பார்ப்பது எங்ஙனம்? அதனை நேராக்க மேலும் வில்லைகளைப் புகுத்தினால் குழாய் முழநீளத்துக்கு மேல் நீண்டுவிடும். அத்தகைய இரண்டு குழாய்களைப் பிணைத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பவன் கை எவ்வளவு நேரம் தாங்கும்? ஆகவே, குட்டையானது கண்ணுக்கு ஆகாது. கண்ணுக்கு ஆவது கைக்கு ஆகாது என்னும் இருதலைக் கொள்ளி நிலையிலேயே இக்கருவி நெடுங்காலம் நின்றது.

இதற்கு முப்பட்டைக் கண்ணாடியே மருந்து என்று அபே கண்டார். செங்கோண முப்பட்டை இரண்டினைக் குறுக்கும் நெடுக்குமாக அமைத்து, ஒளியை அவற்றுள் நான்கு முறை திருப்பினால், தலைகீழான உருவம் நிமிரும். இடம் வலம் மாறியதும் சரியாகும். அன்றியும் ஒளி முன்னும் பின்னும் மடிந்து செல்வதால் நீண்ட குழாய் ஒரு சாண் அளவிற்குள் அடங்கிவிடும். 1873-ஆம் ஆண்டளவிலேயே அவர் இவ்வகையில் ஒற்றைக்குழாய் மாதிரி ஒன்றைச் செய்வித்தார். ஆயின் அது பயன்படவில்லை. காரணம் கண்ணாடியே. மெல்லிய வில்லையைக் கடக்கும் ஒளிக்கு அக்கண்ணாடியின் சிறு மாசு பெரிதன்று. முப்பட்டைகளிலோ ஒளி பருத்த கண்ணாடியினுள் நீண்ட வழி நடக்கவேண்டும். அந்நாளைய கண்ணாடியில் இழையும் குமிழியும் நிறச்சாயலும் கலந்திருந்தமையால் உருவம் கலங்கிற்று. அபே அம்மாதிரியை ஒதுக்கி வைத்துவிட்டார்.

எத்துணை நாள் ஒதுக்கி வைத்தார்? இருபது ஆண்டுகள். அதற்குள் அவர் வாளா இருந்திலர். 1879-இல் ஆட்டோ ஷாட் என்னும் இளைஞர், கண்ணாடி காய்ச்சும் குடும்பத்திற் பிறந்தவர், தாம் புதிதாகக் காய்ச்சிய கண்ணாடித் துண்டொன்றை ஆராயும்படி அபேக்கு அனுப்பினார். அத்துண்டு அபே விரும்பிய குணங்களை உடையதன்று. ஆயினும் அதனைக் காய்ச்சியவர் தாம் தேடிய மனிதர் என்பதை அபே உணர்ந்துகொண்டார். ஷாட் 1882-இல் யேனாவில் வந்து குடியேறினார். 1884-இல் ஷாட், அபே, ஸைஸ், ஸைஸின் மகன் ஆகிய நால்வரும் சேர்ந்து கண்ணாடி ஆலை ஒன்றைத் தொடங்கினர். இரண்டே ஆண்டில் 44 வகைக் கண்ணாடிகளைக் கொண்ட விலைப்பட்டி வெளியாயிற்று. ஒரு கருவியைச் செம்மையாகச் செய்ய வேண்டுமெனின் அதற்குரிய மூலப்பொருளையே முதலிற் படைத்துக்கொள்ள வேண்டும் என்று துணிந்து, அதற்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்ட இப்பொறுமையே அவரிடம் என்னை மிகவும் கவர்ந்தது. பரீட்சை நெருங்குங்கால் ஒரே இரவில் முழு நூலையும் விழுங்கக் கருதும் நம்மவர்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

நல்ல கண்ணாடி கிடைத்தபின், 1893-இல் அபே தம் பழைய எண்ணத்துக்குத் திரும்பி, காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அப்பொழுது ஓர் இடி விழுந்தது. முப்பட்டைகளால் உருவத்தை நிமிர்த்தும் இம்முறையை இக்னாஸியோ போரோ என்னும் இத்தாலியப் பொறியறிஞர் 1854-இலேயே கண்டு பதிவு செய்துவிட்டார் என்று தெரிய வந்தது! போரோவைப் பற்றி அபே அறிந்திலர். போரோ 1875-இலேயே இறந்துபோனவர். அவர் கருவிக்கும் நல்ல கண்ணாடி வாய்க்கவில்லை. இருபதாண்டுகள் நெஞ்சிற் பொதிந்து வைத்திருந்த ஒன்று பிறருடையது என்று கேட்கும்போது ஒருவர்க்கு எப்படி இருந்திருக்கும்! எழுதி முடித்த செய்யுளை முன்னோர் ஒருவர் பாடி வைத்திருக்கக் காணும் புலவனது நிலையே அது.

அபே வழக்காடவில்லை. தம் கருவியில் உண்மையாகவே புதியது யாது என்று தாமே அளந்து பார்த்தார். முப்பட்டைகள் ஒளியை மடிக்கும்போது அதனைப் பக்கவாட்டிலும் விலக்குகின்றன. எனவே பொருளருகு வில்லைகள் இரண்டும் நம் கண்களுக்கு நேரே நிற்கவேண்டுவதில்லை; கண்களினும் அகன்று நிற்கலாம். நம் இரு கண்களும் இடைவிட்டு அமைந்திருத்தலாலேயே அண்மை சேய்மை நமக்குப் புலனாகின்றது. அவ்விடைவெளியைக் கருவி ஏறத்தாழ இருமடங்காக்கினால், பார்ப்பவர் தலை பெரிதான ஓர் அரக்கனைப் போலக் காண்பார். திரைச்சீலையில் எழுதிய சித்திரம் போலத் தட்டையாகத் தோன்றிய காட்சி, மரம் வேறு, அதன் பின்னுள்ள மதில் வேறு, மதிலுக்குப் பின்னுள்ள குன்று வேறு எனத் திரண்டு நிற்கும். இவ்வகன்ற அமைப்பு ஒன்றிற்கே அபே உரிமை கோரினார். 1893 ஜூலை 9-ஆம் தேதியிட்ட காப்புரிமை அதற்கு வழங்கப்பட்டது. போரோவினது போரோவுக்கே நின்றது; இன்றும் அம்முப்பட்டை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1894-இல் யேனாவிலிருந்து மூவகை இரட்டைத் தொலைநோக்கிகள் விற்பனைக்கு வந்தன. அவை நான்கு, ஆறு, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவன. பொருளருகு வில்லைகளின் அகலம் முறையே 11, 15, 20 மில்லிமீட்டர். எட்டு மடங்கோடு நிறுத்தியது ஏன் என்று கேட்கலாம். பெரிதாக்குந்தோறும் கையின் நடுக்கமும் உடன் பெரிதாகும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இருபது மடங்கு காட்டும் கருவியைக் கையிற் பிடித்தால் பறவை கிளையில் அமர்ந்திருப்பதாகத் தோன்றாது. பூகம்பத்தில் அகப்பட்டதாகத் தோன்றும். கையிற் பிடிக்கும் கருவிகள் இன்றும் பெரும்பாலும் எட்டு, பத்து மடங்கினவாகவே இருப்பதற்குக் காரணம் இதுவே. கடைக்குச் சென்று, எண் பெரிதாயிருந்தால் கருவியும் சிறந்ததாயிருக்கும் என எண்ணி வாங்கி ஏமாறுவோர் இதனைக் கேட்பாராக.

மனிதர்க்கு மனிதர் கண்களின் இடைவெளி வேறுபடும். ஒருவர்க்கு 56 மில்லிமீட்டர், ஒருவர்க்கு 70. இரண்டு குழாய்களையும் அசையாதபடி பிணைத்துவிட்டால், எவர் முகத்துக்கு அஃது அமையும்? யேனாவின் கருவியில் நடுவே ஒரு கீல் இருந்தது. குழாய்களை மடக்கியும் விரித்தும் தத்தம் கண்களுக்கு இசையச் செய்யலாம். கீல் என்பது கதவுக்கும் பெட்டிக்கும் உரிய எளிய பொருளே. ஆனால் ஒளியின் சிறு வட்டம் பாவையின் நடுவே விழவேண்டிய இக்கருவியில், அது இல்லையேல் ஒரு கண் காண மற்றொரு கண் நிழலைக் காணும். இனி, ஒருவருடைய இரு கண்களும் ஒரே ஆற்றல் உடையனவாக இருத்தல் அரிது. ஆகவே ஒவ்வொரு கண்ணருகு வில்லையையும் தனித்தனியே திருகித் தெளிவாக்கிக்கொள்ள வகை செய்தனர். வலக்கண்ணின் குறையை இடக்கண் சுமக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் கடினமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இரு குழாய்களும் ஒன்றுக்கொன்று ஒத்த திசையில், இம்மியும் பிசகாமல், நோக்குதல் வேண்டும். ஒன்று மயிரிழை மேலும் மற்றொன்று மயிரிழை கீழும் பார்க்குமாயின் இரண்டு உருவங்கள் தோன்றும். பிசகு மிகச் சிறிதாயின் இரண்டாகத் தோன்றாது; கண்ணைச் சுழற்றும் தசைகள் தம்மை வருத்தி அவ்விரண்டினையும் ஒன்றாக்கிவிடும். பார்ப்பவர்க்கு எல்லாம் நன்றாகவே தெரியும். சற்று நேரங்கழித்துக் காரணம் புரியாத தலைநோவு வரும். தன் வருத்தம் வெளியே தெரியாமல் உழைக்கும் அத்தசையின் செயலை எண்ணுங்கால், இயந்திரத்தின்மேற் சாய்ந்து உணவுண்ட அத்தந்தையார் என் நினைவுக்கு வருகின்றார். அபே இவ்விரண்டையும் இணைத்து எண்ணினார் என்று கூற எனக்கு ஆதாரம் இல்லை. இஃது என் எண்ணமே.

அக்கருவிகள் குறையற்றன என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். பொருளருகு வில்லையின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணில் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். இருபதை எட்டால் வகுக்க இரண்டரை மில்லிமீட்டர். பட்டப்பகலிற் பாவை சுருங்கியிருத்தலால் இது போதும். அந்தியில் பாவை விரியும், அப்போது இவ்வட்டம் போதாது, காட்சி இருளும். 1910-இல் யேனாவிலேயே செய்யப்பட்ட ஏழு மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர்க் கருவி ஏழு மில்லிமீட்டர் வட்டத்தைத் தந்து மாலுமிகளின் இராக்காவலுக்கு உகந்ததாயிற்று. கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பியடித்து வீணாக்கும் குறை, 1935-இல் ஸைஸ் தொழிற்சாலையின் ஸ்மகூலா என்பவர் மெல்லிய பூச்சு ஒன்றினைக் கண்ட பின்னரே தீரத் தொடங்கிற்று. மூக்குக் கண்ணாடி அணிவோர் நிலைதான் மிகவும் இரங்கத்தக்கது. அவ்வொளிவட்டம் வில்லைக்கு மிக அருகிலேயே விழுந்தமையால், கண்ணாடி அணிந்த கண் அதனை எட்ட இயலாது, காட்சியின் நடுப்பகுதியை மட்டும் கண்டு திரும்பும். இவர்களுக்கென ஒளிவட்டம் பின்தள்ளி விழும் கருவி 1958-இல் வந்தது. மூக்குக் கண்ணாடி அணிந்தே இதனை எழுதுகின்ற நான், அபே அவர்களின் 1894-ஆம் ஆண்டுக் கருவியை எனக்கு யாரேனும் பரிசளித்தால் பெட்டியில் வைத்துப் போற்றுவேனேயன்றிக் கண்ணில் வைத்து மகிழேன்.

கருவியை விட்டு, அதனைச் செய்த கைகளுக்கு வருவோம். ஸைஸ் 1888-இற் காலமானார். தொழிலிற் பங்காளியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்த அபே, 1889-இல் ஓர் அறநிலையத்தை நிறுவினார். 1891-இல் தம் பங்கு முழுவதையும் அதற்கு எழுதிவைத்து, அதன்கீழ் ஊதியம் பெறும் ஓர் அலுவலராக அமர்ந்தார். அறநிலையத்துக்கு அவர் இட்டது தம் பெயரன்று. கார்ல் ஸைஸின் பெயரே. இலாபம் யேனா சர்வகலாசாலைக்கும் தொழிலாளர் நலத்துக்கும் சென்றது. 1896-இல் அவர் எழுதிய விதிகளிற் சில இன்றும் படிக்கத்தக்கன. தொழிற்சாலையில் எவ்வளவு உயர்ந்த பதவியினரும் நெடுநாள் உழைத்த தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப்போற் பத்து மடங்குக்கு மேற் பெறலாகாது. பிறப்பு, சமயம், அரசியற் கட்சி ஆகியன பற்றி ஒருவரையும் வேறுபடுத்தலாகாது. நோய்க்கும் முதுமைக்கும் உதவி உண்டு. ஊதியத்துடன் விடுமுறை உண்டு. இவற்றை அவர் பிச்சையாக அன்று, தொழிலாளர் வழக்குமன்றம் சென்று கேட்கத்தக்க உரிமையாகவே எழுதினார்.

1900-இல் அவர் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். உற்பத்தி குறையும் என்று அஞ்சியவர் பலர். அபே கணித அறிஞரல்லரோ! செய்பொருளின் அளவுக்கேற்ப ஊதியம் பெறும் 233 தொழிலாளரைத் தேர்ந்து, மாற்றத்துக்கு முன் ஓராண்டும் பின் ஓராண்டும் அவர்கள் ஈட்டியதைக் கணக்கிட்டார். முன்பு ஒரு மணி நேரத்தில் நூறு அளவு வேலை நடந்தது என்றால், பின்பு நூற்றுப் பதினாறு நடந்தது. எட்டு மணியில் ஒன்பது மணி வேலையும் முடிந்து, சிறிது மிகுந்தது. தொழிலாளரோ தாம் விரைந்து உழைப்பதாகவே உணரவில்லை. இதற்கு அபே கூறிய காரணம் நுட்பமானது. மனிதன் வேலை செய்வதால் மட்டும் களைப்பதில்லை. ஒரே நிலையில் நிற்பதாலும், இரைச்சலின் நடுவே இருப்பதாலும், ஒன்றும் விளையாத நேரத்திலும் அவன் ஆற்றல் கரைகின்றது. அக்கரைவை ஒரு மணி நேரம் குறைத்தால், மீதியிருக்கும் ஆற்றல் வேலைக்கு உதவுகின்றது. நூற்பாலையில் வெறும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய சிறுவன் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கணக்கு அது.

அபேயைப் பற்றி எழுதும் கிறிஸ்தவ மாணவன் ஒன்றினை மறைத்தல் முறையன்று. அவர் சமய நம்பிக்கை அற்றவர். லூத்தரின் ஊரிற் பிறந்தும் திருச்சபையில் அவருக்குப் பற்று இருந்ததில்லை. நாளும் ஜெபித்துவிட்டுத் தம்மிடம் வேலை செய்வோரைப் பதினான்கு மணி நேரம் நிறுத்தி வைத்த முதலாளிகள் அக்காலத்தில் எத்தனையோ பேர் இருந்தனர். இவ்வேறுபாட்டை எண்ணி நான் பல நாள் மயங்கியதுண்டு. அதற்கு விடை இன்னும் எனக்குக் கிட்டவில்லை.

பிறர் கண்ணுக்கும் உடலுக்கும் ஓய்வு தேடிய நமது சரித்திர நாயகர் தமக்கு ஓய்வு தேடிக்கொண்டாரில்லை. ஆசிரியப் பணி, வானாராய்ச்சி நிலையத்தின் தலைமை, தொழிற்சாலை, கண்ணாடி ஆலை, அறநிலையத்தின் சட்டதிட்டங்கள் ஆகிய இத்தனையும் ஒருவர் தலையில் ஏறின. தலைநோவும் தூக்கமின்மையும் அவரைப் பல்லாண்டு வருத்தின. தூக்கத்துக்காக மருந்துகளை நாடி, அம்மருந்துகளாலும் நலிந்தார். 1903-இல் பொறுப்புகளை விட்டு விலகினார். 1905-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், அறுபத்தைந்து வயது நிறைய ஒன்பது நாள் இருக்கையில், யேனாவில் உயிர் துறந்தார்.

1911-இல் அந்நகரத்தார் அவருக்கு எட்டுக் கோண வடிவில் ஒரு நினைவுமண்டபம் எழுப்பினர். வான் டெ வெல்டே என்னும் சிற்பநூல் வல்லார் அதனை வகுத்தார். நடுவில் கிளிங்கர் செதுக்கிய அபேயின் தலையுருவம் நிற்கின்றது. சுற்றுச் சுவர்களில் அரசரோ தேவரோ இல்லை. பெல்ஜிய தேசத்துச் சிற்பி மூனியே வடித்த தொழிலாளர் உருவங்களே உள்ளன. சுரங்கத்திற் குனிந்தவர், வயலில் அறுப்பவர், துறைமுகத்திற் சுமப்பவர், உலைக்களத்தில் இழுப்பவர் ஆகியோரை அங்குக் காணலாம். நூற்பவர் மட்டும் அவருள் இல்லை.